ஐந்து வாட் பெட்டியும் ஈரத் தரையும்

கிற்றார்க் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒருவர் வந்து, வீட்டில் இருந்து பழக ஒரு சின்ன ட்யூப் ஆம்ப், கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வேண்டும் என்று கேட்டால், உங்கள் கை தன்பாட்டில் விலைப்பட்டியலை எடுக்கும். எடுக்கட்டும். என் கையும் அப்படித்தான் செய்தது. சின்ன ஆம்ப்தானே, இதில் என்ன பெரிய யோசனை என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சின்ன ஆம்ப் விற்பது எப்படி என்று புத்தகம் படித்துக் கற்றேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்துத்தான் கற்றேன். அவள் பெயர் ஜெசிந்தா, திருகோணமலைக்காரி.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிழைக்குக் காரணம் நான் தொழில் தெரியாதவன் என்பதல்ல. தெரிந்தவன் என்பதுதான்.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ரேடியோ திருத்தியவன் நான். வால்வு ரேடியோ. இங்கே ட்யூப் என்கிறார்களே, அதுதான் எங்களுக்கு வால்வு. எண்பதுகளின் நடுவில் அகதியாகக் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து, பலரையும் போல டோர்வல் விமான நிலையத்தில் தரை துடைத்தேன். ஒருநாள் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இரண்டு தெரு தள்ளி ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் திறந்த இரும்புச் சட்டமொன்றின் மேல் குனிந்து நிற்பதைக் கண்டேன். சட்டத்தில் வரிசையாக வால்வுகள். இந்த நாட்டில் தெரிந்த முகம் ஒன்றை முதன்முதலாகக் கண்டது போல இருந்தது. கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே போய்விட்டேன்.

அவர் "போன்ஜூர்" என்றார். பிறகு பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் எட்டிப் பார்த்து, சட்டத்தின் மூலையில் கருகிக் கிடந்த ஒரு ரெசிஸ்டரை விரலால் காட்டினேன். காலையிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த பழுது அதுவாம். அடுத்த கிழமையே எனக்கு அங்கே வேலை. அந்தக் கடைக்காரர் என்னைவிட ஐந்து வயது இளையவர். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், ஆகவே முதலாளி என்றே சொல்கிறேன். என் அரைகுறை ஆங்கிலமும் அவருடைய அரைகுறை ஆங்கிலமும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

வந்த இரண்டாம் மாதமே ஒரு கூத்து நடந்தது. ஒருவர் தன் பழைய சின்ன ஆம்பைக் கொண்டுவந்தார். பழுது ஸ்விட்சில் மட்டும். மாற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தால் சத்தத்தில் ஒரே கரகரப்பு. பதினொரு வருடம் அந்தக் கரகரப்போடு மல்லுக்கட்டியவன் நான், சும்மா விடுவேனா? அவர் கேட்காமலே இரண்டு நாள் உட்கார்ந்து, வால்வை மாற்றி, அதை மாற்றி இதை மாற்றி, வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல் போலச் சுத்தமாக்கிக் கொடுத்தேன். மனிதர் ஒரு கம்பியைத் தட்டினார். முகம் செத்துப்போனது. அந்தக் கரகரப்புக்காகத்தான் அந்தப் பெட்டியை இத்தனை காலம் வைத்திருந்தாராம்.

முதலாளி ஏசவில்லை. அன்று பின்னேரம் தன் சொந்த ஆம்பை மேசையில் தூக்கி வைத்தார். ஐந்து வாட், ஒரேயொரு பவர் வால்வு, எட்டங்குல ஸ்பீக்கர். பின்பலகையைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியை மெல்லத் தட்டினார். தண்ணீர்ச் சொட்டு விழுந்தது போலத் தெளிவாக வந்தது. அதே கம்பியை அழுத்தித் தட்டினார். உள்ளே வால்வின் ஒளி ஒரு கணம் அசைய, சத்தம் திணறி, தடித்து, தொண்டை கம்மிய ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டு பாடுவது போல வந்தது. குமிழ் எதையும் அவர் தொடவில்லை. விரலின் அழுத்தம் மட்டும்தான் மாறியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரேடியோவில் வால்வு யாரோ ஒருவருடைய குரலைச் சுமந்து கொண்டுவந்து தரும், அவ்வளவுதான் அதன் வேலை. இங்கே அது தானே பாடுகிறது. பதினொரு வருடம் என் கையில் புழங்கிய பொருள். ஆயிரக்கணக்கில் கழற்றி மாட்டியிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு தொண்டை இருக்கிறதென்று எனக்குத் தெரியாமலே போயிற்றே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்றைக்கும், ஓய்வு பெற்ற பிறகும், அந்த முதல் சத்தத்தை நினைத்தால் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடாது.

அதற்குப் பிறகு சின்ன ஆம்ப்தான் என் பைத்தியம். உங்களுக்கும் சொல்கிறேன், எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்து வாட் என்றதும் கொசு பறக்கிற சத்தம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். ட்யூப் ஆம்பில் ஐந்து வாட் ஒரு வீட்டின் கண்ணாடிகளை அதிர வைக்கும். ஐம்பது வாட் பெட்டியை வாங்கிப்போய் வீட்டில் வைத்தால் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியாது. வால்வு தூங்கிக்கொண்டே இருக்கும், வாங்கியவர் ஏன் இது பாடவில்லை என்று ஏங்கிக்கொண்டே இருப்பார். சின்னப் பெட்டி கொஞ்சம் திணறும், திணறும்போதுதான் பாடும். வீட்டில் பழகுகிறவருக்குச் சின்னதுதான் சரி. இதை நான் யாரிடமும் மணிக்கணக்காகச் சொல்வேன், கேட்க ஆள் இருந்தால் போதும்.

முதலாளிக்கு வேறொரு பழக்கம். ஆம்ப் கேட்டு வருகிறவரிடம் முதலில் வீட்டைப் பற்றித்தான் கதைப்பார். எந்த மாடி? சுவருக்கு அந்தப் பக்கம் யார்? எப்போது வாசிப்பீர்கள், நின்றா இருந்தா? தரை பலகையா, கம்பளமா? இந்த ஊர்க்காரருக்குக் கதை பிடிக்கும், பொழுதுபோக்குக்குக் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் என்ன ஊர்க்கதை என்று மனதுக்குள் சிரித்துமிருக்கிறேன்.

ஜெசிந்தா வந்தது ஒரு சனிக்கிழமை காலை. பனி உருகத் தொடங்கியிருந்த நாட்கள். முதலாளி வெளியே போயிருந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த பெண், முதுகில் கிற்றார்ப் பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம் பிள்ளை. என்ன வேணும்?"

"வீட்டில இருந்து பழகச் சின்னதா ஒரு ஆம்ப் பாக்கோணும்."

"ஆருக்கு? தம்பிக்கோ?"

"ஏன் அண்ணை, எனக்கு விரல் இல்லையோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் சிரித்துக்கொண்டே விபரம் சொன்னாள். ஊரில் கோயில் பாடகர் குழுவில் சாதாரண மரக் கிற்றார் வாசித்தவள். இங்கே விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. கூட வேலை செய்த ஒருத்தி ஊரை விட்டுப் போகும்போது தன் எலெக்ட்ரிக் கிற்றாரை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக, சத்தம் வராத கம்பியைத் தட்டித் தட்டிப் பழகுகிறாள்.

கடையில் அன்று இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்தன. ஒன்று முதலாளியினுடையதைப் போன்ற ஐந்து வாட். கல்லுக் கனம். மற்றது யாரோ கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றிக்கொண்டு போன பழைய மலிவுப் பெட்டி. இறகு போல லேசு. அதைப் போன கிழமை நான்தான் திறந்து திருத்தியிருந்தேன். திறந்தவுடனே எனக்குச் சந்தோஷம். உள்ளே ட்ரான்ஸ்ஃபோமர் இல்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேரே வால்வுகளுக்குக் கொடுக்கும் பழைய முறை. ஊரில் இதே முறையில் கட்டிய ரேடியோக்கள் எத்தனையோ என் கையால் உயிர் பெற்றிருக்கின்றன. பழைய கூட்டாளியைக் கண்டதுபோல, கண்ணை மூடிக்கொண்டு திருத்தினேன். போட்டு, கிற்றாரைச் செருகி, நானே தட்டிப் பார்த்தேன். அருமையாகப் பாடியது.

அவள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். கனமானதைத் தூக்கும்போது தோள் ஒரு பக்கம் சரிந்தது.

"பஸ்ஸிலதான் கொண்டு போகோணும், அண்ணை."

"அப்ப இதைக் கொண்டு போ. ஒரு கையால தூக்கலாம். உள்ளுக்குள்ள எனக்கு வடிவாத் தெரிஞ்ச சாமான். நானே திருத்தினது."

"நீங்கள் சொன்னாச் சரி."

பற்றுச்சீட்டில் அவளுடைய விலாசத்தை எழுதிக்கொண்டேன். பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதியில் அரை நிலவறை வீடு, இன்னும் டெலிபோன் எடுக்கவில்லை. இரண்டு பெண்களோடு சேர்ந்து இருக்கிறாள், இருவருக்கும் அன்று வேலை. கதவைத் திறக்கும்போது திரும்பிச் சொன்னாள்.

"இப்பவே வாசிக்க மாட்டன், அண்ணை. முதல் முதல் எடுக்கிறது. வீட்டைக் கழுவிப்போட்டு, முழுகிப்போட்டுத்தான் தொடுவன்."

"அதுதான் முறை" என்றேன் நான். மனம் குளிர்ந்து போய்ச் சொன்னேன்.

மதியத்துக்குப் பிறகு முதலாளி வந்தார். பற்றுச்சீட்டைக் கண்டு, எதைக் கொடுத்தாய் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாதது. நான் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு விற்கலாம் என்று வைத்திருந்தேன்."

"ரேடியோவில் இதுதானே முறை" என்றேன்.

"ரேடியோவின் இரும்புச் சட்டத்தை யாராவது கையில் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்களா?"

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த முறையில் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் ஒன்றுமில்லை, புரட்டிச் செருகினால் இரும்புச் சட்டம் முழுவதிலும் மின்சாரம் நிற்கும். ரேடியோவில் சட்டம் மரப்பெட்டிக்குள் இருக்கும், குமிழ்கள் பிளாஸ்டிக், யார் கையும் படாது. ஆனால் கிற்றாரின் ஒவ்வொரு கம்பியும் ஒயர் வழியாக அந்தச் சட்டத்தோடு தொடுத்திருக்கிறது. வாசிப்பவர் இரண்டு கையாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் தட்டிப் பார்த்தபோது பிளக் எந்தப் பக்கம் இருந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

முதலாளி பதறவில்லை. "இருபது வருடமாக ஆட்கள் இந்தப் பெட்டிகளை வாசிக்கிறார்கள். காலில் சப்பாத்து, கீழே காய்ந்த பலகை. சுளீர் என்று ஒன்று அடிக்கும், புரட்டிச் செருகுவார்கள், முடிந்தது. திங்கட்கிழமை போய் வாங்கி வந்து சரி செய்வோம்."

காலில் சப்பாத்து, கீழே காய்ந்த பலகை. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் வீட்டைக் கழுவுவாள். இந்த ஊர்க்காரர் போல மொப்பால் ஒரு இழுவை இழுக்க மாட்டாள், எங்கள் ஆட்கள் கழுவுவது போல வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவாள். நிலவறை என்றால் கீழே சீமெந்து, அதற்குக் கீழே மண். முழுகிவிட்டு ஈரத் தலையோடு, வெறுங்காலோடு வந்து, கிற்றாரைக் கையில் எடுப்பாள். நான்தான் அதுதான் முறை என்று சொல்லி அனுப்பினேன்.

இதை முதலாளிக்கு எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. தண்ணீர், கால், சீமெந்து என்று மூன்று சொல் சொல்லியிருப்பேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கடையைப் பூட்டினார். சோதனை பல்ப் ஒன்றை ஒயரோடு அள்ளிக்கொண்டு தன் வான் வண்டிக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன்.

ரயில் பாலத்துக்குக் கீழே சிவப்பு விளக்கில் நின்ற அந்த ஒரு நிமிடம் போல நீண்ட நிமிடம் என் ஆயுளில் இல்லை. ஊரில் என்னென்னவோ நடந்து, அதிலெல்லாம் தப்பிக் கடல் கடந்து வந்த பிள்ளை, நான் விற்ற பெட்டியால் சாகப் போகிறாளா என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாகனம் நிறுத்த இடமில்லை. முதலாளி என்னை வாசலில் இறக்கிவிட்டு இடம் தேடிப் போனார்.

நடைபாதை மட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள்ளிருந்து கிற்றார்ச் சத்தம் வந்துகொண்டிருந்தது. உயிரோடிருக்கிறாள்! குனிந்து பார்த்தேன். தலையில் துவாய் சுற்றிக்கொண்டு, கட்டிலில் சம்மணமிட்டு இருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். கட்டிலுக்குக் கீழே சீமெந்துத் தரை பளபளவென்று ஈரமாகக் கிடந்தது. பெட்டி ஒரு கதிரையின் மேல். தரை காயட்டும் என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளுக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு சம்மணம்தான் இருந்தது.

ஜன்னலைத் தட்டக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். தட்டினால் என்ன செய்வாள்? எங்கள் பிள்ளை அல்லவா? வயதில் மூத்தவர் வாசலில் நின்றால், கட்டிலில் இருந்தபடியா "என்ன அண்ணை" என்று கேட்பாள்? எழுந்து நிற்பாள். கிற்றாரைப் பிடித்தபடியே இரண்டு காலையும் ஈரத்தில் வைப்பாள். கீழே இறங்காதே என்று கத்தினாலும் அதே கதைதான். கத்தலைக் கேட்டால் முதலில் எழுந்துவிட்டுத்தான் என்னவென்று பார்ப்பாள். அவளைக் காப்பாற்ற ஓடி வந்தவன் அவள் கண்ணில் படவே கூடாது. ஜன்னலை விட்டுச் சுவரோடு ஒதுங்கினேன்.

அந்த நாளில் நான் குடியிருந்த கட்டடமும் இதே அச்சுத்தான். பொதுக் கதவு பூட்டியிருக்காது, நடையின் முடிவில் கொதிகலன் அறை, அதற்குள் வீட்டுக்கொரு பியூஸ் பெட்டி. உள்ளே ஓடினேன். மூன்று பெட்டிகள், ஒன்றிலும் பெயரில்லை. முதலாவதன் பிடியை இழுத்தேன். மேலே தொலைக்காட்சியில் ஹொக்கி ஆட்டத்தின் ஆரவாரம் சட்டென்று நின்றது, ஒரு கிரேக்கக் கிழவர் தன் மொழியில் யாரையோ திட்டினார். கிற்றார் நிற்கவில்லை. இரண்டாவதை இழுத்தேன்.

இம்முறையும் சத்தம் உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்ல மெலிந்தது. மின்சாரம் போன பிறகும் வால்வில் சூடு இருக்கும், பெட்டிக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்த மிச்சத்தில் அது பாடிக்கொண்டே தேய்ந்தது. அந்த மூன்று நான்கு வினாடி நான் கேட்ட சத்தத்தைப் போல ஒன்றை அதற்குப் பிறகு எந்தப் பெரிய மேடையிலும் கேட்டதில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து கீழே குந்திவிட்டேன்.

கையில் கிற்றாரோடு அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஆர்? ஐயோ, அண்ணை! நீங்களோ? கரண்ட் நிண்டு போச்சு."

"நான்தான் நிப்பாட்டினன். அதை ஒருக்கா என்னட்டத் தா, பிள்ளை."

கிற்றாரை வாங்கினேன். உள்ளே போய்ப் பிளக்கைக் கழற்றினேன். அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். அவளுக்கு நடந்ததைச் சொன்னபோது நம்பவில்லை. இவ்வளவு நேரமும் வாசித்தேனே என்றாள். முதலாளி சோதனை பல்பின் ஒரு ஒயரை ஜன்னலடியில் அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாயில் இறுக்கினார், மற்றதைக் கிற்றாரின் ஒரு கம்பியில் கொளுவினார். கிற்றாரைக் கட்டிலில் வைத்தார். போய்ப் பியூஸைப் போடு என்று என்னிடம் சொன்னார்.

போட்டுவிட்டு வந்து, அவள் செருகியிருந்த பக்கமாகவே பிளக்கைச் செருகக் குனிந்தேன். முதலாளி ஒரே பாய்ச்சலில் என் கையைப் பிடித்தார். என் காலைக் காட்டினார். பார்த்தால், அந்த அவசரத்திலும், உயிர் போகிற அந்த ஓட்டத்திலும், நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறேன். காலுறையோடு சொதசொதவென்று நனைந்துபோய் ஈரச் சீமெந்தில் நிற்கிறேன். எல்லாம் தெரிந்த ரேடியோக்காரன்! அவர் என்னைக் கட்டிலில் ஏற்றி இருத்தினார். தன் ரப்பர்ச் சப்பாத்தோடு நின்று தானே செருகினார்.

பல்ப் எரிந்தது. கட்டிலில் கிடந்த கிற்றாரின் கம்பியிலிருந்து, சுவர்ப் பிளக் எதிலும் செருகாமல், அந்த அரைகுறை வெளிச்ச அறையில் பல்ப் பிரகாசமாக எரிந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரமும் அவள் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தது அதைத்தான்.

முதலாளி அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கனமான ஆம்பை எடுத்து வரக் கடைக்குப் போனார். அதற்கு ட்ரான்ஸ்ஃபோமரும் உண்டு, நிலத்தோடு தொடுக்கும் மூன்றாவது பிளக் முனையும் உண்டு. காலையில் நான் கனம் என்று ஒதுக்கியது அந்த ட்ரான்ஸ்ஃபோமரைத்தான். லேசான பெட்டி ஏன் லேசு என்று ஒரு கணம் நான் யோசித்திருந்தால் போதும். நீங்கள் யோசியுங்கள். பழைய பெட்டி ஒன்று எதிர்பாராத அளவு லேசாக இருந்தால் திறந்து, ட்ரான்ஸ்ஃபோமர் உண்டா என்று பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். பிற்காலத்தில் எங்கள் பட்டறையில் மேசைக்குக் கீழே நிலத்தோடு தொடுத்த ஒரு இரும்புத் தட்டில் நனைத்த துணி எப்போதும் கிடக்கும். வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியும் அந்த ஈரத் துணிக்கும் கம்பிக்கும் நடுவில் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் போகும். தமிழ்ச் சோதனை என்று முதலாளி அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

அன்று அவர் திரும்பி வரும்வரை ஜெசிந்தா தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டேன்.

"வாசிக்கேக்க உனக்கு ஒண்டுமே தெரியேல்லையோ?"

அவள் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கம்பி கடிச்சது, அண்ணை. முழங்கை சுவரில பட்டா, விரலெல்லாம் விறுவிறு எண்டு கடிச்சது. நான் முந்தி எலெக்ட்ரிக் தொட்டதே இல்லையே. எலெக்ட்ரிக் எண்டா இப்பிடித்தான் கடிக்குமாக்கும் எண்டு நினைச்சன்."

"அதுக்குப் பிறகும் வாசிச்சனியோ?"

"பின்ன? இஞ்ச வந்த நாளில இருந்து எல்லாம் புதுசுதானே. குளிர் கடிச்சுது. வேலை செய்யிற இடத்தில ஐஸ் கடிச்சுது. எல்லாரும் பழகிப் போகும் எண்டுதான் சொல்லுகினம். இதுவும் அப்பிடி ஒண்டு, பழகிக்கொள்ளோணும் எண்டு பொறுத்துக்கொண்டு இருந்தன். உங்களிட்ட வந்து கேட்டா, பட்டிக்காடு எண்டு நினைப்பியள் எண்டு வெட்கம்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கொடுத்தது என்பதால், சாவின் கடியையே அவள் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வேலையிலிருந்து நிற்கும்வரை, நான் விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும், அடுத்த நாள் அதை வாங்கியவருக்கு டெலிபோன் எடுத்தேன். டெலிபோன் இல்லாதவர் வீட்டுக்கு நடந்தே போனேன். எல்லாம் சரியா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. முதல்முதலாக வாங்கியவருக்குச் சரி எது என்று எப்படித் தெரியும்? "கையில் எடுத்தவுடன் என்ன தெரிந்தது? சின்ன விஷயமானாலும் பரவாயில்லை, வெட்கப்படாமல் சொல்லுங்கள்" என்றுதான் கேட்பேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை டெலிபோனை வைக்க மாட்டேன்.